மூன்று மடக்கு ஒயினும் எங்கள் அப்புச்சியின் முட்டியும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் முழுசாகப் படியுங்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் முன்னால் நீளக்காம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணம். அதில் பழைய செங்கல் நிறத்தில் ஏதோ இருக்கிறது. "ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் வாத்தியார் ஆரம்பிச்சுட்டாரு" என்று ஒரு மருமகப்பிள்ளை எழுதியிருக்கிறார். அதன் கீழே பதினேழு சிரிப்புப் பொம்மைகள். எண்ணிப் பார்த்தேன். அது பழைய மாணவர்கள் குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "மதுவிலக்குப் பேரணியில எங்கள வெயில்ல நடக்க வெச்சீங்களே சார்" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி.

என் தங்கச்சி மட்டும் குழுவில் எதுவும் எழுதவில்லை. தனியாக ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "நீயுமாண்ணா?" என்ற ஒரு வார்த்தைதான் அதில் இருந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. மற்றவர்கள் கூட இருந்து கேளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒருவன் பிரான்சில் துலூஸ் நகரத்தில் விமானத் தொழிற்சாலைப் பொறியாளராக இருக்கிறான். லீவுக்கு வந்தவன், சேலம் அழகாபுரத்தில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு என்னையும் என் வீட்டம்மாவையும் சாப்பிட அழைத்தான். வரும்போது இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவந்திருந்தான். திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்று சுங்கச் சட்டமே சொல்கிறது. இரண்டும் துலூஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள போர்தோ வட்டாரத்துச் சரக்கு. ஒன்று 1996-ஆம் வருடத்துச் சிவப்பு. இன்னொன்று 2001-ஆம் வருடத்து இனிப்பு வெள்ளை. "1996 ஏன் தெரியுங்களா சார்? அந்த வருசந்தான் உங்ககிட்ட பத்தாவது முடிச்சேன்" என்றான். இதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மடக்கு குடித்தேன். சிவப்பில் இரண்டு, வெள்ளையில் ஒன்று. என் வீட்டம்மா எண்ணிக்கொண்டிருந்தாள். சாட்சி வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்கவோ நியாயப்படுத்தவோ இதைச் சொல்லவில்லை. அந்த மேசையில் பார்த்த ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிவப்புப் பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட்டானாம். இத்தனை வருடம் கழிந்தால் துவர்ப்பும் சாயமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு வண்டலாக அடியில் தங்கும். அது கலங்காமல், பாட்டில் கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றினான். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினான். புதுசில் நாவல்பழ நிறத்தில் இருப்பது, வயசானால் செங்கல் நிறத்துக்கு வருமாம். வாசம் பிடிக்கச் சொன்னான். எனக்குத் தெரிந்த வாசனையைத்தானே நான் சொல்ல முடியும்? எங்கள் பள்ளி ஆய்வகத்துப் பழைய மர அலமாரி, காய்ந்த புகையிலை, தோல் பை. அவன் சிரித்தான். அங்கே புத்தகத்திலும் அப்படித்தான் எழுதுவார்களாம்.

மேசையில் பள்ளிபாளையம் சிக்கன் இருந்தது. "அதைத் தொட்டுட்டு இதைக் குடிக்காதீங்க சார், மிளகாய் இதைக் கொன்னுடும்" என்றான். சிவப்புக்கென்று காரம் குறைத்து வெள்ளாட்டுக்கறி தனியாகச் சமைத்திருந்தார்கள். பள்ளிபாளையத்துக்கு இனிப்பு வெள்ளைதான் சரி என்றான். உண்மைதான், எரிகிற நாக்கை அந்த இனிப்பு தடவிக்கொடுத்தது.

அந்த இனிப்பு எப்படி வருகிறது என்று விளக்கினான். அறிவியல் வாத்தியாரான எனக்கே அது புதிது. சோட்டெர்ன் என்ற ஊர்ப் பக்கம் சிரோன் என்று ஒரு சின்ன ஓடை. அதன் குளிர்ந்த தண்ணீர் கரோன் என்கிற பெரிய ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர் காலத்தில் விடிகாலை மூடுபனி எழும். அந்த ஈரத்தில் திராட்சைமேல் ஒரு பூஞ்சை படரும். மத்தியானம் வெயில் வந்து ஈரத்தைக் காயவைக்கும். பூஞ்சை தோலைத் துளைக்க, நீர் ஆவியாகிப் பழம் சுருங்கி, சர்க்கரை மட்டும் திரண்டு நிற்கும். எல்லாப் பழமும் ஒரே நாளில் சுருங்காது. அதனால் ஆட்கள் ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்பப் போய், சுருங்கியதை மட்டும் பார்த்துப் பறிப்பார்கள். மிக உயர்ந்த தோட்டங்களில் ஒரு கொடிக்கு ஒரு கிண்ணம் ஒயின் கிடைத்தால் பெரிது. 1855-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சிக்காக அந்த வட்டாரத்துத் தோட்டங்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மேசையின் அந்தக் கோடியில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயசு. அவருக்கும் ஒரு வாய் ஊற்றினான். சிவப்பைக் குடித்துவிட்டு, "துவர்ப்பு அடங்கிருச்சு. புளிப்பு மட்டும் நிக்குது. இதுக்கு மேல வெச்சிருந்தா உசுரு போயிரும்" என்றார். இனிப்பு வெள்ளையை மோந்து பார்த்தார். "தெளுவு காய்ச்சறப்ப பதம் வர்றதுக்கு முந்தி ஒரு வாசம் வருமுங்களே வாத்தியாரே, அதேதான்."

மகன் கையிலிருந்த கைப்பேசியை மேசைமேல் வைத்தான். "சார், இவர் ஒரு வாயில சொன்னதச் சொல்றதுக்கு அங்க படிச்சுப் பட்டம் வாங்குறாங்க. சம்பளம் கொடுத்து வெச்சுக்கறாங்க. இவரை இங்க ஜெயில்ல வெச்சாங்க."

ஆமாம். அவர் பனையேறி. 1995-இல் கள் இறக்கியதற்காக அவரைப் பிடித்துப் போனார்கள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 1995-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் நொதித்தல் பாடம் நடத்தினேன். எடுத்துக்காட்டுக் கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "கள்ளு சார். இவங்கப்பாவக் கேட்டா நல்லா சொல்லுவாரு சார்" என்று மூன்றாம் பெஞ்சைக் காட்டினான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் அப்பா உள்ளே போய் அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும்.

தெரிந்த இன்னொன்றையும் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி, நான் மடியில் உட்கார்ந்து வளர்ந்த மனிதர், திருச்செங்கோடு பக்கத்துப் பனையேறி. 34 வருட வேலையில் ஒரு ஆசிரியர் அறையிலும் நான் அதைச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

இந்தியாவில் மதுவிலக்கு முதன்முதலில் ஒரு மாவட்டத்தில் சட்டமாக வந்தது என்றால் அது நம் சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. கொண்டுவந்தவர் ராஜாஜி. நம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்தே மதுவிலக்குக்காக 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தியவர். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. குடியால் அழிந்த ஏழை வீடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசுக்கு வருமானம் போகும் என்று தெரிந்தும் கொண்டுவந்தார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. குடி வருமானம் வேண்டாம் என்று சொல்ல ஒரு அரசுக்கு அன்றைக்குத் துணிவு இருந்தது.

அன்றைக்கு அப்புச்சிக்கு இருபத்திரண்டு வயசு. மரத்தைவிட்டு இறங்கிக் கல் உடைக்கப் போனார். பிறகு முட்டியில் சுண்ணாம்பு தடவித் தெளுவு இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தார். 1971-இல் மதுவிலக்கைத் தள்ளிவைத்துக் கள்ளுக்கடை திறந்தார்கள். ஐம்பத்தாறு வயசில் மறுபடி கள்ளுக்கு ஏறினார். 1973-இல் கடையை மூடினார்கள். 1981-இல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ஆம் தேதி மூடினார்கள்; அந்தப் பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. அப்புச்சி சொல்வார்: "நான் அதே மரந்தான் ஏறறன் கண்ணு. ஒரு வருசம் தொழிலாளிங்கறாங்க. மறுவருசம் திருடனுங்கறாங்க."

கள்ளை மூடியவர்கள் குடியை மூடினார்களா? 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. 2023-24-இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? இன்றைக்கும் அது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்தான். மதுவிலக்குச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதுக்கடை நடத்துகிறோம். அதே சட்டத்தை வைத்துப் பனையேறியைப் பிடிக்கிறோம்.

அறிவியல் வாத்தியாராகக் கொஞ்சம் கணக்கு. கள்ளில் ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நான் குடித்த சிவப்பு ஒயினில் 12-லிருந்து 13. இனிப்பு வெள்ளையில் 14-ஐ ஒட்டி. டாஸ்மாக் பிராந்தியில் 42.8. அந்த பிராந்திக்கு ஊர் கிடையாது, வருசம் கிடையாது, மரமோ கொடியோ கிடையாது. பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்து அடைத்தது. இந்த மூன்றில் எதை முதலில் தடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சரியாகச் சொல்வான். நாம் தடுத்து வைத்திருப்பது 5-ஐ.

"ஒயின் நாகரிகம் சார், கள் அப்படியில்லையே" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். அம்மா, இரண்டும் ஒரே வேதியியல். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. நல்ல சிவப்பு 30 வருடம் தாங்கும். கள் ஒரு பகல் தாங்கும். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். அதனால் அதற்குக் கப்பல் ஏற்றுமதி கிடையாது, பாட்டில் கிடையாது, பட்டியல் கிடையாது. ஆனால் காத்திருப்பு இல்லாமல் இல்லை. திராட்சைக்கொடி மூன்றாம் வருடம் காய்க்கும். பனை பாளை விட 15 வருடத்துக்கு மேல் ஆகும். அங்கே பாட்டிலை வைத்துக் காத்திருக்கிறார்கள். இங்கே மரத்தை வைத்துக் காத்திருக்கிறோம். நாளுக்கு இரண்டு தரம் பாளை சீவ ஏறி இறங்கும் மனிதரின் நெஞ்சுத் தழும்பைப் பார்த்தவர்கள் இதை நாகரிகக் குறைவு என்று சொல்லமாட்டார்கள்.

"கள்ளில் கலப்படம் செய்தார்கள், அதனால்தான் மூடினார்கள்" என்பது அடுத்த வாதம். செய்தார்கள், மறுக்கவில்லை. மயக்க மருந்து கலந்து விற்ற கடைகள் இருந்தன. கலந்தவன் பெரும்பாலும் மரமேறியவன் இல்லை, கடை ஏலம் எடுத்தவன். ஆனால் இதையும் கேளுங்கள். 1985-இல் ஆஸ்திரியா நாட்டில் இனிப்பு ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்தது வெளிப்பட்டது. உலகமே அந்த நாட்டு ஒயினை ஒதுக்கியது. அவர்கள் என்ன செய்தார்கள்? கலந்தவர்களைத் தண்டித்தார்கள். கடுமையான புதுச் சட்டம் போட்டார்கள். பரிசோதனையை இறுக்கினார்கள். தோட்டக்காரனைக் கொடியைவிட்டு இறங்கச் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த நாட்டு ஒயினுக்கு நல்ல பெயர்.

நாம் இறங்கச் சொன்னோம். இறங்கியவர்கள் இடத்தில் யார் வந்தார்கள்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நம் சேலம் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். 37 ஆண்டுகளாகக் கள் தடை இருந்த மாநிலத்தில்தான் அது நடந்தது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. புதுச்சேரியில் நடக்கிறது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசே அறிவித்தது. மரத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஏறுகிறவனுக்கு இல்லை.

ஆக, என் குற்றச்சாட்டு இதுதான். நம் சட்டம் போதையை அளக்கவில்லை, ஆளை அளக்கிறது. பழைய மதுவிலக்குக் காலத்திலும் 'பெர்மிட்' என்று ஒன்று இருந்தது. வசதியுள்ளவர் வாங்கிவைத்துக்கொண்டு வீட்டில் குடித்தார். இன்றைக்கு அழகாபுரத்து மேசையில் போர்தோ பாட்டில் இருந்தால் விருந்து. அதே வீட்டுக்காரரின் அப்பா பனை மரத்தடியில் முட்டி வைத்திருந்தால் குற்றம். அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கள்ளைத் தெருத்தெருவாக ஏலம் விடச் சொல்லவில்லை. மரம் ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு மட்டும் உரிமம் கொடுங்கள். இறக்கிய கள்ளை அன்றைக்கே, தோப்பிலேயே, பொழுது சாய்வதற்குள் விற்று முடிக்கட்டும். கலப்படத்துக்கு உரிமம் ரத்தும் சிறையும் இருக்கட்டும். கூடவே பிராந்திக் கடைகளை வருடத்துக்கு வருடம் குறையுங்கள். இது முடியாது என்றால் ராஜாஜி செய்த மாதிரி எல்லாவற்றையும் மூடுங்கள், என் மாணவன் வீட்டுப் பாட்டில் உட்பட. முதல் ஆளாகக் கை தட்டுவேன். இரண்டும் இல்லாமல் 42.8-ஐ அரசு விற்றுக்கொண்டு 5-க்கு ஆளை உள்ளே தள்ளுவதை மட்டும் ஒழுக்கம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, இனி உனக்கு.

மச்சான் எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி பதினோரு நாள் நானும் கூட இருந்தேன். அவர் தறி ஓட்டிய கூலி எந்தக் கடைக்குப் போனது என்றும் தெரியும். கள் மட்டும் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அது பொய். கள்ளிலும் குடும்பம் அழிந்திருக்கிறது. அப்புச்சியே தன் மரத்துக் கள்ளைத் தன் மக்கள் தொடக்கூடாது என்றுதானே வைத்திருந்தார்? "எதைக் குடிச்சா என்ன, பொம்பளைக்குக் கண்ணீர் ஒண்ணுதான்" என்று நீ சொல்வாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கையில் கிண்ணத்தைப் பார்த்ததும் உனக்கு மச்சான் ஞாபகம் வந்திருக்கும். அதை நான் யோசித்திருக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார். உன் வீட்டுக்காரரைக் கொண்டுபோன சரக்கை விற்ற கடைக்கு அரசு பலகை மாட்டியிருந்தது. நம் அப்புச்சியைத் தேடி நம் வாசலுக்கு வந்தது போலீஸ். இது எந்த ஊர் நியாயம்?

அந்த ராத்திரி கிளம்பும்போது வாசலில் என் மாணவனின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்புச்சியும் மரமேறுனவர்தானுங்க" என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியுமுங்களே வாத்தியாரே. உங்க அப்புச்சிகிட்டத்தான் நான் பாளை சீவப் பழகுனது" என்றார். 1995-இல் நான் அவர் மகனைப் பார்த்துச் சிரித்தபோதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் அவர் அதை யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை.

மறுப்பு எழுதுபவர்கள் தாராளமாக எழுதுங்கள். பெயர் போட்டு எழுதுங்கள். சிரிப்புப் பொம்மைக்கு மதிப்பெண் கிடையாது.

தங்கச்சி, தை கழிந்து பாளை விடும்போது ஊருக்கு வா. சுண்ணாம்பு முட்டியில் இறக்கிய தெளுவு வாங்கி வைக்கிறேன். அதைக் குடித்தால் யாரும் நம்மைப் படம் எடுத்துப் போடமாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்